டாக்டரம்மாவின் தட்டு பிரேக்

நான் முதலில் பார்த்தது திரையில் இருந்த கறையைத்தான். வைத்திய அறை வாசலில் தொங்கும் வெள்ளைத் திரையில் ஐந்து விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. ஏழுமலை மேஸ்திரியின் கிரீஸ் கை. பஜார் முனையில் கார் மெக்கானிக் கொட்டகை வைத்திருக்கும் அவர், எங்கள் டிஸ்பென்சரிக்கு வரும்போதெல்லாம் வாசல் தொட்டியில் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். இல்லாவிட்டால் டாக்டரம்மா போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அன்றைக்கு அவர் கழுவவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, போஸ்ட் ஆபீசுக்குத் தந்தி வந்துருக்குது" என்றார். அந்தத் திரையைத் தொட்டவரை யாரும் திட்டவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் கமலவேணி அம்மாள், தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஆவணியில் மெட்ராஸ் போனார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. எல்லாக் காரியமும் அங்கேயே முடிந்துவிட்டது. எங்கள் செஞ்சியிலிருந்து ஒருவரும் முகம் பார்க்கவில்லை. சொந்தக் கார் வைத்திருந்தவர் பஸ்ஸில் போனார். அதற்குக் காரணம் அந்தக் காரின் பிரேக். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

படத்திறப்பில் பேசியவர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். நீங்கள் எல்லாரும் அவரிடம் மருந்து வாங்கியவர்கள். உங்களுக்கே தெரியும், அவருக்குப் பொறுமை கிடையாது. நாக்கை நீட்டத் தாமதித்தால் "இன்னா, உள்ளயே வெச்சு விதைக்கப் போறியா?" என்பார். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நினைவு மலர் அச்சடிக்கிறோம், எழுதியாவது கொடு என்று பஜார்க்காரர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் என் குரல் முன்பெஞ்சைத் தாண்டாது. ஒரு நாள் பீரியடு முடியும்வரை நிற்க வைத்தார்கள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நைனா என்னை டாக்டரம்மாவிடம் கொண்டுவந்து விட்டார். ஊசியை வேகவைப்பது, பொடி மடிப்பது, மருந்துத் தண்ணீர் ஊற்றும் மிக்சர் பாட்டிலில், அளவு தெரிய வேளைக்கு ஒரு வெட்டு என்று வெட்டிய காகிதம் ஒட்டுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருந்தது, பிரேக் வேலை வரும்வரை.

போன ஐப்பசியில் பனமலையிலிருந்து ஒரு பிரசவத்துக்கு ஆள் வந்தது. நல்ல மழை. டாக்டரம்மாதான் காரை ஓட்டினார். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய கார் அது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து அழுத்தினால்தான் சக்கரம் நிற்கும். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், காயும்வரை அழுத்தியும் பயனில்லை. தரைப்பாலத்தின் மேல் சக்கரம் பாதி முழுகத் தண்ணீர் ஓடியது. அதைக் கடந்து இறக்கத்தில் போனபோது எதிரே மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒடித்துத் திருப்பியதில் கழனிச் சேற்றில் இறங்கி நின்றோம்.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, காரைக் கட்டி உழ வந்தியா?" என்று கேட்டார். பிறகு அவரே மாட்டை அவிழ்த்துவந்து கட்டி இழுத்தார். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

பனமலையில் நாங்கள் நுழைந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய், நாங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் உயிர் அடங்கியிருந்தது. டாக்டரம்மா அந்த வீட்டில் ஒருவரையும் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பும்போது வண்டியை ஊர்ந்துதான் ஓட்டினார். பாதி வழியில், "தனம், நிக்கிற வண்டிதான் வேகமாப் போவும். நிக்காதுன்னு தெரிஞ்சா காலு தானா பயந்துக்குது" என்றார்.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுச் சென்ற கார் ஒன்று, பின்பக்கம் நொறுங்கி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிடப்பது டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை, இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கவ்விப் பிடிக்கும். தட்டு வெளியே இருப்பதால் தண்ணீர் பட்டாலும் சிதறிவிடும். அதைக் கழற்றிவந்து நம் காரின் முன்சக்கரங்களில் மாட்ட வேண்டும் என்றார்.

"அம்மா, எருமைக்குக் குதிரைக் குளம்பு வெக்கச் சொல்றீங்க" என்றார் மேஸ்திரி.

"வெச்சுப் பாரு மேஸ்திரி. ஓடுனா குதிரை. ஓடலைன்னா எருமை எருமைதானே, ஓடியா பூடும்?"

சாமான் வந்துசேரத் தை ஆயிற்று. இரண்டு கார்களின் போல்ட் துளைகளும் பொருந்தாததால் நடுவில் ஒரு இரும்புப் பலகை கடைய வேண்டியிருந்தது. திண்டிவனத்து லேத்தில் முதல் தடவை துளை தள்ளிப்போனது. இரண்டாம் தடவை பலகை தடித்துப்போனது. மூன்றாவது பலகை பொருந்தியபோது சித்திரை வெயில் வந்துவிட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் லேத்துக்காரரைத் திட்டி ஒரு கார்டு எழுதினார். அவற்றைத் தபாலில் போட்டது நான். படிக்க நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தக் காற்றை வெளியேற்றுவதை மேஸ்திரி ஏர் எடுப்பது என்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து, "மிதிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சக்கரத்தடியில் இருப்பவர் உடனே குழாய் முனையில் உள்ள திருகைத் திறப்பார். ஆயிலும் காற்றும் குமிழ் குமிழாக வரும். அவர் மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். பிறகு முதலிலிருந்து.

மேஸ்திரிக்கு வேறு வண்டிகள் இருந்தன. டாக்டரம்மா காத்திருக்க மாட்டார். டிஸ்பென்சரியை ஒட்டிய கார் கொட்டகையில், புடவையைத் தூக்கிச் செருகி, சாக்கு விரித்துத் தானே காருக்கு அடியில் படுத்துவிட்டார். திருகில் டிஸ்பென்சரி ரப்பர் குழாய், அதன் மறுமுனை மிக்சர் பாட்டிலில். நான் பெடலில்.

"மிதிச்சியா?"

"மிதிச்சிட்டேன்."

"மிதிச்சியாடி?"

"மிதிச்சிட்டேன்மா."

"ஏ தனம், கார்ல இருக்கியா, இல்ல வீட்டுக்குப் பூட்டியா?"

நான் சொன்னது எனக்குக் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே போகவில்லை. அவர் ஒரு குத்துமதிப்பில் திறப்பார். அதற்குள் நான் பயந்து காலை எடுத்திருப்பேன். பாட்டில் ஆயில் திரும்ப உள்ளே ஏறும். "உன் வாய்க்கும் ஒரு திருகு வெக்கணும்டி!" என்று அடியிலிருந்து கத்துவார். இப்படி நான்கு காலை வேளைகள் போயின.

ஐந்தாம் நாள் மேஜைமணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிடத் தட்டும் மணி. மிதித்ததும் ஒரு தட்டு. நல்ல யோசனைதான். ஆனால் காத்திருந்த பெரியவர் ஒருவர் மணி அடித்தபோதெல்லாம் எழுந்து கார் கொட்டகைக்கு வந்துவிட்டார். மூன்றாம் தடவை வந்து, காருக்கு அடியில் நீட்டியிருந்த கால்களைப் பார்த்து, "எம்மா, எனக்கு இருமலு. நானும் அடியில வந்து படுக்கணுமா?" என்று கேட்டார். மணி மேஜைக்குத் திரும்பிவிட்டது.

எப்படியோ பெடல் கெட்டியானது. முதல் ஓட்டத்தில் வண்டி நின்ற நிற்பில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு பக்கத்து ஊரான வல்லம் வரைகூட வரவில்லை. இரண்டு மைல் போனதும் வண்டி தானாகத் தளர்ந்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்கள் தோசைக்கல்லாகக் கொதித்தன. பிரேக்கை விட்ட பிறகும் கட்டைகள் தட்டைக் கவ்விக்கொண்டே இருந்தன. திருகைச் சற்றுத் திறந்தால் ஆயில் பீய்ச்சும், சக்கரம் விடும். மறுபடி இரண்டு மைல். மறுபடி பிடிக்கும்.

மேஸ்திரி தலையைச் சொறிந்து, "உள்ள எங்கியோ காத்து நின்னுருச்சும்மா. சூடேறுனா அது ஊதிக்கினு பிரேக்கைப் புடிக்குது" என்றார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் ஏர் எடுத்தோம். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது கேட்கவில்லை. மூன்று மாதமும் பிரசவங்களுக்கு வாடகை வண்டி தேடிப் போனார். இந்தத் துளிக் காற்று என் வாயால் உள்ளே போனது என்று நான் நம்பினேன். அவரும் நம்பினார். மெட்ராஸ் பஸ் ஏறும்போதுகூட, "வந்ததும் மறுபடி எடுப்போம். ஐப்பசிக்குள்ள முடிச்சாவணும். நீ மட்டும் ஒருவாட்டி வாயத் தொறந்தேன்னா போதும்டி" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

தந்தி வந்த ஆறாம் நாள், புதுச்சேரி ஒர்க்‌ஷாப்காரரிடமிருந்து டாக்டரம்மா பெயருக்கு ஒரு கவர் வந்தது. ஆடியிலேயே டாக்டரம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று மூன்று நாள் மருந்து அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

பிரேக் பிடித்துக்கொள்வதற்கும் காற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த ஒர்க்ஷாப்காரர் எழுதியிருந்தார். பெடலை மிதித்தால் குழாய்க்குள் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சின்ன ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். டிரம் பிரேக்குக்காக, காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. அதைக் கழற்றி எறியுங்கள், பெடல் சற்றுக் கீழே போகும், பயமில்லை. இவ்வளவுதான் கடிதம்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினோரு தடவை. ஆடியில் கேட்ட கேள்விக்கு ஆவணிக் கடைசியில் பதில். டாக்டரம்மா மேலேயும் கோபம் வந்தது. தப்பு என் மேல் இல்லை என்று தெரியாமலேயே போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குள் மெட்ராஸ் உறவினர்கள், வல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டருக்குக் காரைக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். பழைய டிரம்மையே மாட்டிக் கொடுத்துவிடு என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த டாக்டரும் அதே தரைப்பாலத்தைத்தான் தாண்டிப் போக வேண்டும். மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நான் கடிதத்தோடு மேஸ்திரி கொட்டகைக்குப் போனபோது ஒரு சக்கரத்தில் டிரம் ஏறியிருந்தது. டிரைவர்கள் நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கடிதத்தை நீட்டினேன். மேஸ்திரி இரண்டு கிரீஸ் கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நான் இன்னாத்தப் படிக்கிறது? நீயே படி பாப்பா."

படித்தேன்.

"கேக்கல."

மறுபடி படித்தேன். ஒரு டிரைவர், "யோவ், பாப்பா உன் காதுல ரகசியம் சொல்லுதுய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்துபோய் லாரி இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாம் தடவை, சம்பந்தம் இல்லை என்ற வரியிலிருந்து கழற்றி எறியுங்கள் என்ற வரி வரை, நிறுத்தாமல் படித்து முடித்தேன்.

"அடப்பாவி, நான் உன்னியக் குத்தம் சொல்லிக்கினு இருந்தேனே" என்றார் மேஸ்திரி. பிறகு ஏற்றிய டிரம்மை இறக்கினார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, அதன் வாயிலிருந்து புளியங்கொட்டை அளவு ரப்பரும் ஒரு ஸ்பிரிங்கும் எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். டாக்டரம்மாவின் சாமான்களில் எது வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். இந்த ரப்பர் என்னிடம் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் தட்டும் கட்டைகளும் திரும்ப ஏறின. இனி ஏர் எடுக்க வேண்டும். மேஸ்திரி சாக்கை விரித்துப் படுத்தார். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள்.

"மணிய எடுத்தாறச் சொல்லவா பாப்பா?"

"வேணாம்."

காரில் ஏறினேன். பெடலை அடி வரை மிதித்தேன். மிதித்துப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.