அமுக்காத கை

அறுப்புக்கூடத்தில் அவளுக்குக் குடல்காரி என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக ஆட்டுக்குடல் கழுவுகிறாள். வெட்டிய உடம்பிலிருந்து சூடாக வந்து விழும் குடலைத் தொட்டி விளிம்பில் போட்டு, கழிவைப் பிதுக்கி, உள்வெளியாகத் திருப்பி, மூன்று தண்ணீரில் அலசுவாள். எப்போதாவது ஒரு குடல் பக்கத்துக் குடலோடு ஒட்டிக்கொண்டு, நடுவே புடைத்து வரும். உள்ளே சீழ். அதை மட்டும் அவள் அமுக்கவே மாட்டாள், அப்படியே எடுத்துக் குழியில் எறிவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாத்தனமாக ஒன்றை அமுக்கித் தொலைத்தாள். தொட்டி முழுக்க மஞ்சளாகி, அன்றைய குடல் அத்தனையும் வீணாய்ப் போனது. கூடத்து மேஸ்திரி திட்டியதோடு விட்டுவிட்டார். அடித்தது புருஷன்.

அவனுக்குக் கோடாலி என்று பட்டப்பெயர். அதே கூடத்தில் மாடு வெட்டுகிறவன். வேலை நேரத்தில் மாட்டை, மிச்ச நேரத்தில் இவளை. உப்புக் குறைந்தால் ஓர் அறை, கூடினால் இரண்டு. அவளுடைய இடது சுண்டுவிரல் வளைந்திருப்பது அவன் உபயம். ஒருமுறை உதைத்த உதையில் ஐந்து மாதப் பிள்ளை கலைந்தது, அதற்குப் பிறகு தரிக்கவே இல்லை. பிள்ளை இல்லாதவள் என்று அதற்கும் அடித்தான். இவனைப் பெற்றவள் வயிற்றில் பிரண்டையைத்தான் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அவனுக்கு வயிற்றுவலி தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பித்தது. மறுநாள் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குடியிருந்தது. மலச்சிக்கல் என்று தானே தீர்ப்பெழுதி, பேதி மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கி விழுங்கினான். வலி கொஞ்சம் அடங்கியதும் தொடையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். சோறு பிடிக்கவில்லை, குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. எட்டாம் நாள், ஒரே போடில் மாட்டைச் சாய்க்கிறவன் காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் முனகினான்.

கூடத்து ஆட்களுக்கு வயிற்றுவலி வந்தால் ஒரே வைத்தியம்தான். மல்லாக்கப் படுக்கவைத்துக் குடலை அமுக்கித் தேய்த்துவிடுவது. அதற்குக் குடல்காரியைத்தான் கூப்பிடுவார்கள். ராசியான கையாம்!

அன்று மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்ததும் கோடாலி சட்டையைத் தூக்கினான்.

"வாடி. நல்லா அமுக்கு."

அவள் கையை வைத்தாள். வலது பக்கம் தோலுக்குக் கீழே கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி, சட்டிபோலச் சுட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் விரலுக்குத் தெரிந்த கட்டி. அமுக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அமுக்கு. யாரும் கேட்கப்போவதில்லை, அவனே அல்லவா கேட்கிறான்? போன பிள்ளை நினைவுக்கு வந்தது. அவள் கட்டைவிரல் இறங்கியது.

"அம்மா!" என்று அலறினான் கோடாலி.

அவள் கையை எடுத்துவிட்டாள். இரக்கம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன்மேல் அவளுக்கு இருந்தது வெறுப்பு, சுத்தமான வெறுப்பு. ஆனால் நாளைக்கும் அந்தக் கையால்தானே அவள் சோறு தின்ன வேண்டும்?

"உள்ள சீழ் கட்டியிருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"குடல் கழுவுற நாய் எனக்கு வைத்தியம் சொல்றியா?" அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. "அமுக்குடீ!"

மறுபடியும் மோதினான். அவள் கைக்கு எட்டியது துணி துவைக்கும் கட்டை. முழங்கால் சில்லில் ஒன்று போட்டாள். அவன் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தான். எழ முடியாமல் அவன் வாந்தியெடுத்த நேரத்தில், கொடிக்கயிற்றை அறுத்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். வாசலுக்கு ஓடி, தோல் ஏற்றும் வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் உள்ளே வந்து பார்த்துத் திகைத்துப்போனார். "என்னம்மா இது, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்க?"

"மாடா இருந்தா சொன்னதைக் கேட்டிருக்கும்ணே. ஒரு கை பிடிங்க."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்தார்.

"குடல்வால் அழுகி ஓட்டை விழுந்திருக்கு. சுத்தியிருக்கிற குடலெல்லாம் ஒட்டிக்கிட்டு, சீழை வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கு. அது உடைஞ்சு வயிறு பூரா பரவியிருந்தா ஆள் பிழைக்கிறதே கஷ்டம். யாராச்சும் அமுக்கினீங்களா?"

"கையை வெச்சேன். எடுத்துட்டேன்."

"நல்லவேளை. வலி வந்த மறுநாளே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும். பேதி மாத்திரை, தேய்ப்பு, வலியை மறைக்கிற மாத்திரை, இதெல்லாம்தான் ஆளைக் கவுத்துடும். இனிமே யார் வயித்தையும் தேய்க்காதீங்க. வலியோட காய்ச்சலும் சேந்தா உடனே இங்க அனுப்புங்க."

ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி குத்தி, கட்டிக்குள் குழாய் செருகினார்கள். பையில் சீழ் கொட்டியது. நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது, ஏழாம் நாள் அவனுக்கு வாயும் திரும்பியது. கஞ்சி சூடு போதவில்லை என்று டம்ளரை அவள் மேல் வீசினான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று டாக்டரம்மா சொன்னார்: "குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, நாங்க குடுக்கிற மருந்துத் தண்ணியை ரெண்டு வேளையும் உள்ள ஏத்தணும். யாரு செய்வீங்க?"

"இவதான்," என்றான் கோடாலி. "குடல் கழுவுறதுதானே இவ பொழப்பு."

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அவன் காதருகே குனிந்தாள். கல்யாணமாகி முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"நீ அமுக்கச் சொன்னப்ப, கொன்னுடலாம்னுதான் கட்டைவிரலை இறக்கினேன். எப்படியோ எடுத்துட்டேன். இன்னொரு தடவை உன் வயிறு என் கைக்குக் கிடைச்சா எடுப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல." பிறகு நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். "இவரோட அக்கா வந்துட்டு இருக்காங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுங்கம்மா. நான் கழுவின குடல் போதும்."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அக்கா வந்து சேரும்வரை கோடாலி இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.