மார்கழி முடிந்தும் ஓடிய பெண்கள்

போன வெள்ளிக்கிழமை லஸ் முனையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஆமாம், நானேதான்! ஒரு கையில் அர்ச்சனைப் பை, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த புடவைக் கொசுவம்.

கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். "இன்னாம்மா, ஒலிம்பிக்ஸுக்கா போய்க்கினு கீறே?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

முன் சீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "வயசான பொம்பளை இப்படி ஓடினா பார்க்க நல்லாவா இருக்கு?"

"பார்க்கறதுக்காக ஓடலைங்க. பஸ்ஸுக்காக ஓடினேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் ஓடுவதில் யாருக்கு ஆட்சேபம், சொல்லுங்கள்? பால் பொங்கினால் ஓடலாம். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடலாம். வீட்டுக்காரர் "துண்டு எங்கே?" என்று குரல் கொடுத்தால் ஓடியே ஆகவேண்டும். தனக்காக ஒருத்தி ஓடினால்தான்... ஊருக்குக் கண் உறுத்துகிறது!

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பேச்சையெல்லாம் காது புளிக்கக் கேட்டவள் நான்.

அப்போது என் மகள் கோமதி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவதோடு சரி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, யூனிவர்சிட்டியில லேடீஸுக்கு கிராஸ் கன்ட்ரி டீம் ஆரம்பிக்கிறாங்க. பேர் கொடுத்துட்டேன்."

கிராஸ் கன்ட்ரி என்றால் மைதானத்தைச் சுற்றுவது இல்லையாம். மேடு, பள்ளம், மணல், முள் — எது வந்தாலும் மைல் கணக்கில் ஓடவேண்டும். அதோடு, நாலு பேர் ஓடி முடித்தால்தான் அது டீம். மூன்று பேர் பறந்து வந்து, நாலாமவள் பாதியில் உட்கார்ந்துவிட்டால்? டீமே இல்லை!

பேர் கொடுத்தது மொத்தமே நாலு பேர். "நாலு பேரும் முடிக்கலேன்னா அடுத்த வருஷம் பெண்கள் டீம் கிடையாது" என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

அந்த நாலு பேரில் ரொம்ப மெதுவாக ஓடுகிறவள் யார்? எங்கள் கோமதிதான்.

பழக இடம் வேண்டுமே! சாயங்காலம் மைதானம் பையன்களுக்கு. விடியற்காலையில் வயசுப் பெண் தெருவில் ஓடினால்? கேட்கவே வேண்டாம்.

நல்லவேளை, மார்கழி பிறந்தது.

மயிலாப்பூரில் மார்கழி மாதம் இருட்டோடு ஒரு பெண் வெளியே கிளம்பினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கோயிலுக்கு அல்லவா போகிறாள்! நாலு பேரும் முதலில் அம்பாளைக் கும்பிடுவார்கள். அப்புறம் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, உள்ளே நான் தைத்துக் கொடுத்த பைஜாமாவோடு, மாட வீதி நாலையும் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள்.

அவர்களில் கெட்டிக்காரி ஸ்டெல்லா. கடற்கரைக் குப்பத்துப் பெண். மணலில் ஓடி வளர்ந்த கால். "இன்னாம்மா, உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"உங்க மாதா கோவிச்சுக்குமா?"

"மாதாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அங்கயும் ஒரு ரவுண்டு ஓடணும், அவ்ளோதான்!"

பக்கத்து வீட்டு அலமேலு மாமி, அவளுக்கும் சேர்த்து விபூதி இட்டுவிடுவார். "ஓடிண்டே பிரதட்சிணமா? அப்படி என்னடி வேண்டுதல்?" என்று என்னைக் கேட்பார்.

"பெரிய வேண்டுதல் மாமி" என்பேன். பொய் இல்லை. நாலு பேரும் ஓடி முடிக்கவேண்டும் என்று தினமும் அம்பாளிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பொங்கல் வந்தது. மார்கழி போய்விட்டது. போட்டியோ மாசியில்!

பெண்கள் ஓடினார்கள். பால் டிப்போ கியூவில் கிசுகிசு கிளம்பிவிட்டது. "ஏய், போலீஸ் துரத்துதா?" என்று ஒருத்தன் கத்தினான். "இதுகளை யார் கட்டிக்கப்போறான்?" என்றான் இன்னொருத்தன்.

எங்க வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வாடிக்கைக்காரர்கள் வாயைப் பற்றி அவருக்குக் கவலை. "ஒரு மண்டலம் வேண்டுதல்னு சொல்லிடேன். யார் எண்ணிப் பார்க்கப்போறா?" என்றார்.

சொல்லியிருக்கலாம். சுலபம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமி பேரைச் சொல்லி மறைக்க, இது என்ன தப்புக் காரியமா?

மறுநாள் பால் டிப்போவில் அலமேலு மாமி கேட்டார், "மார்கழிதான் முடிஞ்சுடுத்தே, இன்னும் என்னடி பிரதட்சிணம்?"

கியூ முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "பிரதட்சிணம் இல்லை மாமி. பந்தயத்துக்குப் பழகறா. யூனிவர்சிட்டிக்காக ஓடறா."

"அம்பாள் வீதியில பொண்கள் பந்தயமா?"

"அம்பாளும் பொண்ணுதானே மாமி!"

மாமி பால் பாட்டிலை வாங்கிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டார். பங்குனி உற்சவம் வரை என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்? அன்றிலிருந்து மாட வீதி முனையில் நின்று, சிரிக்கிறவர்களைத் திரும்ப முறைத்தேன்.

போட்டி அடையாறு தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில். வெளியூர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். வருகிறவர்களை எண்ண வசதியாக, முடிகிற இடத்தில் மூங்கில் நட்டு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஸ்டெல்லா முன்னாலேயே வந்துவிட்டாள். நம் பெண்கள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். அப்புறம்... யாரும் வரவில்லை.

பனியன் போட்ட ஒரு வாலன்டியர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"தம்பி, இன்னும் ஒரு பொண்ணு வரணும்."

"அது கால் சுளுக்கி நொண்டிக்கினு கீதும்மா. ஜீப் போயிருக்கு, ஏத்தியாந்துடும்."

 அவள் ஜீப்பில் ஏறினால் டீம் போச்சு! ஓடிப்போய் மூங்கிலைக் கட்டிக்கொண்டேன். "தேர் நிலைக்கு வராம வடத்தைச் சுருட்டுவீங்களா?"

"டைம் ஆச்சும்மா, வெயில் ஏறுது..."

"ரூல்ஸ்ல என்ன போட்டிருக்கு? சீக்கிரம் வரணும்னா, ஓடி முடிக்கணும்னா?"

அவன் அவிழ்த்த கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டெல்லா தோப்புப் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "ஏய் கோமதி! ஜீப்புல ஏறினே... மவளே, கொன்னுடுவேன்!"

கொஞ்ச நேரத்தில் ஜீப் ஊர்ந்து வந்தது. காலி ஜீப்.

அதற்கு முன்னால் கோமதி வந்துகொண்டிருந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து, முகமெல்லாம் மண்ணோடு, ஓட்டம் என்றும் சொல்ல முடியாத ஓர் ஓட்டம். எல்லாருக்கும் கடைசி. நான் மூங்கிலை விடவில்லை. அவள் அதைத் தாண்டிய பிறகுதான் விட்டேன்.

நாலு பேர் முடித்தார்கள். டீம் இருந்தது!

இப்போது போட்டிக்கு ஒரு வேன் நிறையப் பெண்கள் போகிறார்கள். அரை டிராயரில் பட்டப்பகலில் பழகுகிறார்கள். மார்கழிக்காக யாரும் காத்திருப்பதில்லை. "யார் கட்டிக்கப்போறான்" என்றார்களே, அந்தக் கோமதி அசோக் நகரில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். பெண் பிள்ளைகளை ஓட விடுகிறாள்.

பஸ் பெரியவருக்கு ஒரு வார்த்தை: வருகிற வெள்ளிக்கிழமையும் எனக்கு அதே பஸ்தான். லேட்டானால், ஓடித்தான் வருவேன்!