சுவர்ப் பக்கம்

ஐயா விழுந்த அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தர்மபுரத்தில் காணி கிடைத்துக் குடியேறிய எல்லாருக்கும் வாய்க்கால் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். ஒரு முறையைத் தவறவிட்டால் எட்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"தலை விண்விண்ணெண்டு இடிக்குது. இண்டைக்கு ஏலாது" என்று ஐயா பாயிலேயே கிடந்தார்.

"எனக்கும்தான் இடிக்குது. பயிர் எட்டு நாள் பொறுக்குமோ? எழும்பிப் போங்கோ" என்றார் அம்மா.

ஐயா போனார். மத்தியானம் அவரை மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் வரம்பில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாராம். ஆசுபத்திரியில் சில கிழமைகள் வைத்திருந்துவிட்டு, மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது, இனிக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் நாங்கள் கும்பிட்டோம்.

இருந்த ஒரே அறையில் ஒரு பக்கம் நெல் மூட்டை. மற்றப் பக்கத்துச் சுவரோரம் ஐயாவின் கட்டிலைப் போட்டோம். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதில் அம்மா அசையமாட்டார். ஆகவே தெற்கே தலை. அப்படிப் படுத்தால் ஐயாவுக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் நாங்கள் எல்லாரும்.

அன்றிலிருந்து ஐயா சுவரைத்தான் பார்த்தார். தலையணையில் சாய்த்து இருத்தினாலும் முகம் சுவர்ப் பக்கமே போகும். அம்மா இந்தப் பக்கம் நின்று "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டால், "என்ன?" என்று சுவரிடம் கேட்பார். சவரம் செய்யக் கண்ணாடி கொடுத்தால் வலக்கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு, முடிந்தது என்று கத்தியை நீட்டுவார். பார்க்க வந்தவர்கள் மூளை பிசகிவிட்டது என்று திருநீறு போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதை நம்பவில்லை. கணக்குப் பிசகாமல் கதைக்கிற மனிதருக்கு மூளை எப்படிப் பிசகும்?

"என்னிலை கோவம். நான்தானே போகச் சொன்னனான். அதுதான் என்ரை முகத்திலை முழிக்கிறாரில்லை" என்று குசினியில் அடுப்போடு சொல்லிக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். அகன்ற சாப்பாட்டுக் கோப்பையில் சோறு வலப்பக்கம், கறி இடப்பக்கம் வைத்து அம்மா ஐயாவின் மடியில் கொடுப்பார். ஐயா வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, "கறி ஒண்டும் காய்ச்சேல்லையோ?" என்று கேட்பார். கறி கோப்பையிலேயே இருக்கும். கோபத்தில்தான் அப்படிக் கேட்கிறார் என்று அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு போவார். மிச்சக் கறி எனக்கு வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐயாவின் கோபத்தால் நான் கொஞ்சம் கொழுத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. வேலைக்குக் கள்ளமடித்து நான் அதற்குள் புகுந்து இருப்பேன். அங்கே இருந்தால் ஐயா என்னைக் கண்டு சிரிப்பார், பள்ளிக்கூடத்துப் பாடம் கேட்பார்.

ஒருநாள் குளத்து மீன் குழம்பு. எப்படியும் எனக்குத்தானே வரப்போகிறது என்று, அம்மா குசினிக்குப் போனதும் அந்த மூலையிலிருந்தே மீனுக்குக் கை நீட்டினேன். எட்டவில்லை. கோப்பையைப் பிடித்துத் திருப்பினேன். மீன் சுவர்ப் பக்கம் வந்ததும் ஐயாவின் முகம் மலர்ந்தது.

"அட, மீன் கிடக்கு! கொம்மா எங்கை ஒளிச்சு வைச்சவா?"

முள்ளை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒரு பெரிய வித்தை கைக்கு வந்துவிட்டது என்று விளங்கிவிட்டது. பிறகு நாள்தோறும் கோப்பையைத் திருப்பினேன். மீன் நல்லதாக இருந்த சில நாட்களில் திருப்பவில்லை.

"நீ பக்கத்திலை இருந்தால் வழிச்சுத் தின்னுறார். என்னடி செய்தனீ?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை. நான் குடுத்தால் சாப்பிடுவார்" என்றேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்தும் வித்தையைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோப்பை கொடுப்பது என் வேலையாயிற்று.

நெல் வெட்டு முடிந்த ஒரு பின்னேரம் அம்மா கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல் இடப்பக்கம். நான் என் மூலையில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ. அண்டைக்கு நான் உங்களைப் போகச் சொல்லியிருக்கக் கூடாது. பிழைதான். என்னை ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ."

ஐயா கேட்டார். கேட்டதற்கு அடையாளமாகத் தலையையும் ஆட்டினார். "பறவாயில்லையப்பா, பறவாயில்லை" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா எழுந்து கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அடுத்த விதைப்புக்கு முன் ஐயா போய்விட்டார். மன்னிக்காமல் போய்விட்டார் என்றுதான் அம்மா சாகும்வரை சொன்னார்.

எத்தனையோ வருடம் கழிந்து என் கணவரும் இதே மாதிரி விழுந்தார். வவுனியா ஆசுபத்திரியில் அவருடைய கட்டிலின் இடப்பக்கம் மூன்று நாள் முறியமுறிய நின்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு இளம் டாக்டர் வந்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் நில்லாதேங்கோ. மூளையின்ரை வலப்பக்கம் பழுதாப் போனா இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே ஆளுக்குத் தெரியாது. கண்ணிலை குறையில்லை, மனசிலையும் குறையில்லை. அங்காலை போங்கோ."

சுற்றி வலப்பக்கம் போனேன்.

"எப்ப வந்தனீ?" என்று கேட்டார் அவர்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோப்பையைத் திருப்பினால் மீன் தெரியும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியும். அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து அந்த ஒரு முழ இடத்தில் இருத்தினால் அம்மாவும் தெரிவார் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன்.