குறிகட்டுவானில் ஒரு மறியல்

விமானிகள் வேலைநிறுத்தமாம், நான் போகவேண்டிய விமானத்தை நிறுத்திவிட்டார்கள். கொழும்புக்கென்று பெட்டி கட்டி வந்தவன், விமான நிலையக் கதிரையில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே மழையில், தொப்பியும் சீருடையுமாக, பதாகைகளைப் பிடித்தபடி விமானிகள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் அவர்களைத் திட்டித் தீர்க்கிறார். எனக்கோ கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. அதோடு, நானும் ஒருகாலத்தில் இப்படி நடந்தவன். என்ன, எங்களிடம் தொப்பியும் இல்லை, பதாகையும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலம். குறிகட்டுவான் துறைக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடிய மோட்டார் படகொன்றில் நான் கயிறு எறிகிறவன். படகை ஓட்டியவர் செபமாலை அண்ணை. கடலில் இறங்க எல்லோருக்கும் கடற்படையின் பாஸ் வேண்டும். ஒருநாள் துறையில் இருந்த கடற்படைச் சாவடியில் அவருடைய பாஸை வாங்கி வைத்தவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. பாஸ் இல்லாத ஓட்டியின் வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்குப் பாஸ் கிடைக்கும்வரை ஒரு படகும் ஓடாது என்று எங்கள் சங்கம் கூடி முடிவெடுத்தது.

“துறையில மறியல் செய்வம்” என்றார் செயலாளர். எங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை. பேப்பரில் வருகிற மற்ற மறியல் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“மறியலுக்குப் போக ஏலாது அண்ணை, எனக்குப் பிள்ளையள் இருக்கு” என்று ஒருவர் எழும்பிவிட்டார்.

விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சொன்னதிலும் பிழையில்லை என்று பிறகுதான் உறைத்தது. நாலுபேர் கூடி நின்றாலே பிடித்துக்கொண்டு போகிற காலம் அது.

அதனால் கூடி நிற்காமல் வரிசையில் நின்றோம். பாஸ் காட்டுகிற வரிசையை யார் என்ன சொல்ல முடியும்? சாவடிக்குக் கிட்டப் போனதும், எதையோ மறந்தவர்கள் மாதிரித் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்வோம். காலை முழுக்க இதே நடைதான். வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையைக் கண்டதும் ஒரு பெண் வெறும் போத்தலோடு ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்றார்.

“என்ன தம்பி குடுக்கினம், மண்ணெண்ணெயே?”

“ஒண்டும் இல்லை அக்கா. செபமாலை அண்ணையின்ரை பாஸுக்காக நிக்கிறம்.”

“அப்ப நானும் நிக்கிறன்.”

அவர் பெயரை நான் கேட்கவேயில்லை.

இரண்டு மூன்று நாட்கள் போயின. தீவுக்குப் போகவேண்டிய சனம் மூட்டைகளோடு துறையில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவர்கள் அக்கரையில் கிடந்தார்கள். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் முதலில் இயந்திரத்தை முடுக்குகிறவனுக்குக் கருங்காலி என்ற பெயர் வந்துவிடும், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் செபமாலை அண்ணையே வந்து எங்கள் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

“எனக்காண்டி நிண்டது காணும். சனம் பாவம். ஓடுங்கோ.”

ஓடினோம். அவர் கரையில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ் கடைசிவரை வரவில்லை. அவர் அதே துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்தார்.

இப்போது அந்தச் சாவடி இல்லை. சங்கமும் இல்லை, ஆளுக்கொரு நாடாகப் போய்விட்டோம். யுத்தம் முடிந்து, பாஸ் முறையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பெரிய சந்தோசத்தோடு அவருக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தேன்.

“இனிப் பாஸ் தேவையில்லையாம் அண்ணை, நீங்கள் ஓடலாம்!”



“ஓம் தம்பி, கேள்விப்பட்டனான். இப்ப எனக்குக் கண் தெரியிறேல்லை. ஆரும் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டினமெண்டால், சும்மா இருந்து அக்கரைக்குப் போயிட்டு வரலாம்.”