சீனி போடாத தேத்தண்ணி

தம்பி கடைசியாகப் பேசியது சண்டை முடிந்த வருடம் தை மாதம். வன்னியிலிருந்து, யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் எடுத்திருந்தான். "அக்கா, இனி எங்க இருப்பம் எண்டு தெரியாது. உங்கட வீட்டு நம்பர் எனக்குப் பாடம். அதை மட்டும் மாத்திப்போடாதையுங்கோ" என்றான். "சாப்பிட்டியே?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. கேட்பதற்கு எத்தனையோ இருக்க, அதைக் கேட்ட என் வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அன்றைக்கே நேர்த்தி வைத்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த அஜின்கோர்ட்டில், எங்கள் அபார்ட்மென்ற்றில் சாமிப்படங்கள் உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில்தான் இருக்கும். கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் அடித்து, மாடி முழுவதும் கதவைத் திறந்து பார்க்கும் என்பதால் ஒரு பற்றரி விளக்கு மட்டும். அதற்கு முன்னால் நின்று, தம்பியின் குரலைத் திரும்பக் கேட்கும்வரை சீனி தொடமாட்டேன் என்றேன். தேத்தண்ணிக்கு இரண்டரைக் கரண்டி சீனி போடுகிற ஆள் நான். பாகற்காயை விடுகிறேன் என்று யாரும் நேர்வதில்லை. ஆசைப்பட்டதைக் கொடுத்தால்தான் கணக்கு.

எனக்கு வேலை மிசிசாகாவில், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டை அடைக்கும் இடத்தில். என் மேசையில் ஒரு கரண்டி, ஒரு முள்ளுக்கரண்டி, துடைக்கிற பேப்பர், ஒரு சீனிப் பைக்கற்று. நாலையும் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டவேண்டும். எட்டு மணித்தியாலம் சீனியைத் தொட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து கசப்புத் தேத்தண்ணி குடிப்பேன். மாசியில் மீனையும் விட்டேன். பங்குனியில் வெள்ளிக்கிழமைகளில் சோற்றையும் விட்டேன்.

சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனமெல்லாம் டவுன்டவுனில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றது. நானும் ஒருநாள் போனேன். அரை மணித்தியாலம் நின்றிருப்பேன், வீட்டில் போன் அடித்தால் எடுக்க ஆளில்லையே என்ற நினைப்பு வந்ததும் திரும்பிவிட்டேன். வீட்டில் ஒருவரும் அந்தப் போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் கதைக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். மணி அடித்தால் கை ஈரத்தோடு ஓடுவேன். இன்சூரன்ஸ்காரன் என்றால் அவனுக்கு நல்ல பேச்சு விழும். மகள் சொல்வாள், "அம்மா, டக்ற் கிளீனிங் விக்கிற ஆக்கள்தான். சில் பண்ணுங்கோ." அந்த வார்த்தைக்கு அவளுக்கும் பேச்சு விழும்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. இடைவேளையில் யாரோ போனைப் பார்த்துவிட்டு "முடிஞ்சுதாம்" என்றார்கள். நான் என் கசப்புத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன், கையுறையை மாட்டினேன், மேசைக்குப் போனேன். கரண்டி, முள்ளுக்கரண்டி, பேப்பர், சீனி. அன்று ஒரு உறையில்கூடப் பிழை வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். பஸ்ஸிலும் வரவில்லை, வீட்டிலும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது.

முகாம்களிலிருந்து வந்த பட்டியல்களில் அவன் பெயர் இல்லை. கண்டதாகச் சொன்னவரும் இல்லை.

இதற்கிடையில் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் எங்களுக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அது என் ஆசை. இரண்டு வருடத்துக்கு முன்னர் இவரை அரித்தெடுத்துக் கையெழுத்து வைக்கப் பண்ணியவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சேற்றுக்குள் நின்று, குசினி ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று கையால் காட்டுவேன். புரட்டாசியில் சாவி தருவதாக இருந்தது. ஆவணியில் இவர் ரெலிபோன் கம்பனியோடு கதைத்துவிட்டு வந்தார்.

"இந்த நம்பர் அங்க வராதாம். அது வேற ஏரியாவாம். புதுசுதான் தருவினமாம்."

"அப்ப வீடு வேண்டாம்."

அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். "இந்த வீட்டை ஆர் கேட்டது? நானே கேட்டனான்?"

"நான்தான் கேட்டனான். நான்தான் வேண்டாம் எண்டுறன்."

"அவன் இனி இந்த நம்பருக்கு எடுப்பான் எண்டு நீர் உண்மையாவே நினைக்கிறீரோ?"

அவர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஒரு கிழமைக்குள் வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கைமாற்றிவிட்டார். அவரை நினைத்துக் கவலைப்பட்டிருக்கவேண்டும், படவில்லை. உள்ளுக்குள் ஒரு மாதிரிச் சந்தோசம்கூட இருந்தது. இவ்வளவு பெரியதைக் கொடுத்துவிட்டேன், இனி அங்கிருந்து ஒன்று வந்தே ஆகவேண்டும் என்று.

அது நோன்பு மாதம். என் மேசைக்கு எதிர்மேசையில் வேலைசெய்த பெண் எங்கள் நாட்டு முஸ்லிம், என் வயதுதான். இடைவேளையில் அவள் சாப்பிடாமலும் நான் சீனி இல்லாமலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். ஒருநாள் அவளிடம் பெருமையாகவே சொன்னேன், சீனியை விட்டேன், மீனை விட்டேன், இப்போது வீட்டையும் விட்டுவிட்டேன் என்று.

"நாங்களும் நோன்பு பிடிக்கிறதானே," என்றாள். "அந்தியானா திறந்திருவோம். உங்கட நோன்ப எப்ப திறக்கிற?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் குத்திக் கதைக்கிற ஆளில்லை, தெரியாமல்தான் கேட்டாள் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கோபம் கூடியது. உண்மையில் நான் எதையும் விட்டிருக்கவில்லை. ஒன்றைக் கையைவிட்டுப் போகாமல் பிடித்துவைக்க, மற்றதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாமியாருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சந்தையில் நிற்கிறவளுக்கும் எனக்கும்தான் சம்பந்தம்.

அது விளங்கியதால் ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த வீட்டை வாங்கியவர்கள் பால் காய்ச்சக் கூப்பிட்டபோது போனோம். நான் காட்டிய பக்கத்திலேயே ஜன்னல் இருந்தது. அதற்கு முன்னால் நின்று பார்த்தேன், மனம் ஆடவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். சீனி வேண்டாம் என்றேன். பஞ்சியோ அலுப்போ இல்லாமல் மூன்று வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். டயபிற்றிஸ் என்று சனம் தானாகவே முடிவுகட்டியது. நானும் மறுக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. முதல் தண்ணீரை ஊற்றினேன், இரண்டாம் தண்ணீரை விட்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தண்ணீரும் தெளிந்த பிறகு சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கையைத் துடைத்தேன். அதற்குள் நின்றுவிட்டது. யாருடைய நம்பர் என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சோறு கொதிக்கும்வரை குசினியில் அப்படியே நின்றேன். எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் வரவேண்டும் என்றும் இல்லை, என்ன நடந்தது என்று தெரியவேண்டும் என்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கார் பார்க்கிங்கில் யாரோ கம்பளம் உதறிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நன்றாக இருந்தது. நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி போட்டேன். இரண்டரைக் கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன். இவர் வாசலில் நின்று பார்த்தார். கிட்ட வந்து என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அழுகை வந்தது. நிற்க நெடுநேரம் எடுத்தது, சோறும் அடிப்பிடித்துவிட்டது.

அடுத்த வருடம் அவனுக்குத் திவசம் செய்வதென்று கோயிலுக்குப் போனோம். செத்த நாளின் திதி தெரியாமல் திவசம் செய்ய முடியாது. மே மாதத்தில் ஏதாவதொரு நாளைத்தான் இப்போது கனபேர் சொல்கிறார்கள் என்று ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார். நான் போன் அடித்த அந்தச் சனிக்கிழமையின் திகதியைச் சொன்னேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் பக்கத்தைப் புரட்டி, "இது சண்டை முடிஞ்சு மூண்டு வருசத்துக்குப் பிறகெல்லோ," என்றார். "அண்டைக்குத்தான் மோசம்போனவரெண்டு வடிவாத் தெரியுமோ?"

"ஓம்," என்றேன். "நான் பக்கத்திலதான் நிண்டனான்."