எஃப் டிரைவ் காணாமல் போன காலை

அன்று நல்லூரில், அறிவித்தல்கள் அடித்துக் கொடுக்கும் எங்கள் கடையில் முதலாளி அண்ணை, தட்டச்சு செய்யும் வசந்தி, ஜெனரேற்றர் பார்க்கும் நான், தகப்பனை இழந்த அரியாலைக்காரர் என நாலு பேர் இருந்தோம். மின்சாரம் இல்லாத காலம்; மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில்தான் கடை ஓடியது. பின்னேரம் சவம் எடுக்குமுன் மரண அறிவித்தல் வேண்டும்.

வசந்தி அதை உள்ளறைக் கொம்பியூட்டரில் அடித்துச் சேமித்து வைத்துவிட்டு, பிரிண்டர் இருக்கும் முன்னறைக்கு வந்தாள். அங்குள்ள கொம்பியூட்டரில், வயர் வழியாக, உள்ளறைக் கொம்பியூட்டர் எஃப் டிரைவ் என்ற பெயரில் தெரியும். அன்று தெரியவில்லை. வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டியும் வரவில்லை.

"அண்ணை, உள்ளுக்கை நிப்பாட்டினியளோ?" என்றாள் வசந்தி.

"ஓம். ஆளில்லாத மெஷினுக்கு என்னத்துக்கு மண்ணெண்ணெய்?"

"ஐயோ, உதுக்குள்ளைதானே அறிவித்தல் கிடக்கு!"

அரியாலைக்காரர் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "எங்கடை அப்பரும் உப்பிடித்தான். லைட்டை நூர்த்துப்போட்டு இருட்டிலைதான் சாப்பிடுவார்."

உள்ளறைக் கொம்பியூட்டரை முதலில் போட்டு, பிறகு முன்னறையில் உள்ளதை நிறுத்தித் திரும்பப் போட்டோம். எஃப் வந்தது.

இப்போதும் டிரைவ் தெரியாவிட்டால் வயரைத் தொடமாட்டேன். மற்ற கொம்பியூட்டர் ஓடுகிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பேன். அப்போது அவர்கள் மூவரின் முகமும் நினைவுக்கு வரும்.

அன்று சவம் எடுக்குமுன் அச்சடித்துக் கொடுத்த அறிவித்தல்கள் இருநூறு.