கலாவின் இரண்டு கோடுகள்

போன வியாழக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்ச்சில் கழிந்தது. பக்கத்தில் கலா. கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம்... குழந்தை இல்லை.

என்னைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு — கிளைகோபுரதத்தைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் லேபில் மாரடித்தவள் நான். சர்க்கரை ஒட்டிய புரதம், அவ்வளவுதான். கர்ப்பமானால் சோதனை அட்டையில் இரண்டாவது கோட்டைப் போடுகிறதே ஒரு ஹார்மோன், அது இந்த வகை. தாயின் எதிர்ப்புச் சக்தி கருவை அந்நியன் என்று விரட்டாமல் இருப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. கொடுமை என்னவென்றால், சில புற்றுநோய்களும் இதே ஹார்மோனைச் சுரக்கும். இதை எத்தனை மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்!

ஐந்து வாரம் முன்பு, காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பிய கலா மாடியேறி வந்தாள். கையில் அட்டை. இரண்டு கோடு.

"நீங்க பாத்து சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க இதத்தான படிச்சீங்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவைத் திறந்து அவள் வாயில் சர்க்கரையைப் போட்டேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவளுக்கு ஒரு கரு கலைந்தது தெரியும். கலைந்தது என்று ஒரு பெண் சொன்னால், மேலே துருவுவது நம்மிடம் வழக்கமா என்ன?

கிளம்பும்போது தயங்கி நின்றாள். "வாராவாரம் ரத்தம் எடுக்க மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக்கீறாங்க ஆன்ட்டி. இனிமே போவணுமா?"

ரத்தம் எதற்கு என்று கேட்டேனா? இல்லை. கரு கலைந்த உடம்பு, ரத்தசோகை பார்ப்பார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். இந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போய், ட்ரெயின் கூட்டத்திலும் இடிபட வேண்டாம், மூன்று மாதம் அலையாதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். லேபில் முப்பது வருஷம்... வாயில் வந்தது பக்கத்து வீட்டு வைத்தியம்.

போன புதன்கிழமை அவளுக்கு உதிரப்போக்கு. கணவன் ரவி ஃபைலோடு மாடிக்கு ஓடிவந்தான். முன்பு கலைந்ததாகச் சொன்னது எது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

முத்துப்பிள்ளை. கருவாக வளராமல், திராட்சைக் கொத்துபோல நீர்க்கொப்புளங்களாக வளரும் கர்ப்பம். சுத்தம் செய்து எடுத்த பிறகும் மிச்சம் தங்கினால் புற்றுநோயாகலாம். வாராவாரம் ரத்தம் எடுப்பது, அந்த ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்க்கத்தான். இறங்காவிட்டால், அட்டையிலும் இரண்டு கோடுதான் விழும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ரவி தலையைக் குனிந்துகொண்டான்.

"முத்துப்பிள்ளைன்னா எங்கம்மாவே இன்னா இன்னாவோ பேசும் ஆன்ட்டி. அதான் கலைஞ்சிட்ச்சின்னே எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தோம்."

அவர்கள் மறைத்தார்கள், சரி. நான்? ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே! தெரியாதவன் கேட்டாவது தெரிந்துகொள்வான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறதே — அது கேட்கவே விடாது.

வியாழக்கிழமை ஸ்கேனில் கரு இல்லை. நுரையீரலில் புள்ளிகள் — புற்று அதுவரை பரவியிருந்தது. ஊசி மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடும், பிறகு குழந்தை பெறவும் முடியும் என்றார் டாக்டரம்மா. ஆனால் விடாமல் ரத்தம் கொடுத்திருந்தால், இவ்வளவு தூரம் வரும் முன்பே பிடித்திருக்கலாமாம்.

கலா அழவில்லை. தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "அப்போ இத்தினி நாளா நான் யார்கிட்ட பேசிக்கினு இருந்தேன் ஆன்ட்டி?"

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டி, டெஸ்ட்டுக்கு வர வேண்டாம் என்று யார் சொன்னது என்று கோபமாகக் கேட்டார். கலா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் நின்னுட்டேன்."

அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சொன்னது நான்தான், டாக்டர்.